ஆடுகளைக் கொல்லும் செடியும் மெட்ஃபார்மின் மாத்திரையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சர்க்கரை நோய்க்கு உலகில் மிக அதிகமாக எழுதித் தரப்படும் மாத்திரைகளில் முதல் வரிசையில் இருப்பது மெட்ஃபார்மின். அதன் வேர் ஒரு நாட்டு மருந்துச் செடியில் இருக்கிறது என்பது பலருக்கும் தெரிந்த செய்திதான். அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் தங்களுக்கு வேண்டியதைப் பேசுகின்றன. "மாத்திரையே மூலிகைதான், அப்புறம் செடியையே சாப்பிட்டால் என்ன?" என்கிறது ஒரு தரப்பு. "நாட்டு மருத்துவத்தில் ஏதாவது இருந்திருந்தால் விஞ்ஞானம் எப்போதோ எடுத்துக்கொண்டிருக்கும், மிச்சமெல்லாம் வெறும் நம்பிக்கை" என்கிறது இன்னொன்று.

மெட்ஃபார்மின் வந்த பாதையை ஆண்டுவாரியாகப் பின்தொடர்ந்தால் இரண்டு பேச்சும் நிற்காது. செடி காட்டியது திசையை மட்டும்தான். அதிலிருந்த பலனையும் நஞ்சையும் பிரித்தெடுக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அதிலும் 28 ஆண்டுகள், கைக்குக் கிடைத்த பொருளை யாரும் சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்காததால் வீணாயின. இன்று ஆய்வில் இருக்கும் மற்ற மூலிகைப் பொருள்களுக்கும் இதே கதி நேர்ந்துவிடக் கூடாது என்பதால்தான் இந்த ஒரு நிகழ்வை முழுதாக எடுத்துப் பார்க்கிறேன்.

செடியும் அதன் பழைய பெயரும்

அந்தச் செடியின் பெயர் கலேகா அஃபிசினாலிஸ். பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெளிர் ஊதா அல்லது வெள்ளை நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். தெற்கு ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும் அதன் தாயகம். இடைக்கால ஐரோப்பாவில் கொள்ளைநோய், காய்ச்சல், குடற்புழு, பாம்புக்கடி எனப் பலவற்றுக்கு அதைக் கொடுத்தார்கள். பால் சுரக்கவும் கொடுத்தார்கள். அந்த நீண்ட பட்டியலில் அளவு மீறிய தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் இருந்தன.

கடைசி இரண்டும் சர்க்கரை நோயின் வெளிப்படையான அறிகுறிகள். இரத்தத்தில் சர்க்கரையை அளக்க வழியே இல்லாத காலத்தில், தாகம் குறைந்ததா, இரவில் எழுந்து போவது குறைந்ததா என்று பார்த்தே மருந்தை மதிப்பிட்டிருக்கிறார்கள். அது கவனிப்பு. அதை மதிக்காமல் இருக்க முடியாது. அதே பட்டியலில் கொள்ளைநோயும் பாம்புக்கடியும் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. அந்த இரண்டுக்கும் கலேகா பயன்பட்டதாக எந்தச் சான்றும் வரவில்லை. ஒரு செடிக்குப் பத்துப் பலன்கள் சொல்லப்பட்டால் அதில் எது உண்மை என்று செடியைப் பார்த்தோ பழைய ஏட்டைப் பார்த்தோ சொல்லிவிட முடியாது.

இதே செடிக்கு இன்னொரு முகமும் உண்டு. 1891இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தீவனப் பயிராக இதைக் கொண்டுவந்து விதைத்தார்கள். கசப்பால் கால்நடைகள் பெரும்பாலும் ஒதுக்கின. கூடுதலாகத் தின்ற ஆடுகளுக்கு நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்து, மூச்சுத் திணறி, வாயில் நுரை தள்ளி இறப்பு நேர்ந்தது. இன்று அந்நாட்டில் அது அரசு பட்டியலிட்ட தீங்குக் களை. சர்க்கரையைக் குறைக்கும் பொருளும் ஆட்டைக் கொல்லும் பொருளும் ஒன்றேதான்: கலெஜின். "செடியையே சாப்பிட்டால் என்ன?" என்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. இலை, பூ, காய் என்று செடியின் பாகத்துக்கும் பருவத்துக்கும் ஏற்பக் கலெஜினின் அளவு மாறும். ஆகவே ஒரு பிடி இலையில் எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது.

குவானிடின் காட்டிய வழி

கலேகாவைத் தேடிப் போய் யாரும் இந்த ஆய்வைத் தொடங்கவில்லை. கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பியை நீக்கினால் தசை இழுப்பு வருகிறது. அதற்குக் காரணம் உடலில் சேரும் குவானிடின் என்ற பொருளாக இருக்கலாம் என்று அப்போது நினைத்தார்கள். அதைச் சோதிக்கப் போன வாட்டனாபே என்ற ஆய்வாளர், 1918இல் முயல்களுக்குக் குவானிடின் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரை இறங்குவதைக் கண்டார். எடுத்துக்கொண்ட கேள்விக்கான விடை வேறாகிப் போனாலும் இந்தக் கவனிப்பு நிலைத்தது. குவானிடினோ மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு நஞ்சு.

கலேகாவிலிருந்து கலெஜினை 1914இல் பிரித்தெடுத்தவர் பிரான்ஸைச் சேர்ந்த ஜார்ஜ் டான்ரே. அதன் அமைப்பு தெளிவானபோது, அது ஒரு கார்பன் தொடரைச் சுமந்த குவானிடின்தான் என்று தெரிந்தது. இரண்டு இழைகளும் அங்கே முடிச்சுப் போட்டுக்கொண்டன. 1920களின் பிற்பகுதியில் கலெஜினை விலங்குகளுக்கும் பிறகு நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறைந்தது. ஆனால் பலன் கொஞ்ச நேரமே நீடித்தது. பலன் தரும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடைவெளியும் போதவில்லை. பாரிஸில் இப்படிக் கலெஜினைச் சோதித்த குழுவில் ஜான் ஸ்டெர்ன் என்ற பயிற்சி மருத்துவர் இருந்தார். அவர் பெயர் பின்னால் வரும்.

இதற்கிடையே ஜெர்மனியில் வேறு ஒரு முயற்சி நடந்தது. இரண்டு குவானிடின் தலைகளைப் பத்துக் கார்பன் கொண்ட தொடரால் இணைத்து சிந்தாலின் என்ற மருந்தைச் செய்தார்கள். 1926இல் பிரெஸ்லாவில் எரிக் ஃபிராங்க் அதை நோயாளிகளிடம் பயன்படுத்தினார். ஊசி வேண்டாம், மாத்திரை போதும் என்ற நம்பிக்கை பெரிதாக எழுந்தது. பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் கெடுவது தெரிந்தது. அதன் மாற்று வடிவம் ஒன்று 1940களின் தொடக்கம்வரை ஓடி, நின்றுபோனது.

கையிலேயே இருந்த பொருள்

இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்தும் பகுதி இதுதான். மெட்ஃபார்மின் என்று இன்று நாம் அழைக்கும் பொருளை 1922லேயே டப்ளினில் எமில் வெர்னரும் ஜேம்ஸ் பெல்லும் செய்துவிட்டார்கள். அவர்களுக்குச் சர்க்கரை நோய் நினைப்பே இல்லை, அது வேதியியல் ஆய்வு. 1929இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் ஸ்லோட்டாவும் செஷேயும் அந்தப் பொருளையும் அதன் உறவுப் பொருள்களையும் முயல்களிடம் சோதித்து, சர்க்கரை குறைவதையும் நஞ்சு குறைவாக இருப்பதையும் எழுதி வெளியிட்டார்கள். அதாவது, கலெஜினிடம் இல்லாத பாதுகாப்பு இதனிடம் இருக்கிறது என்ற குறிப்பு அச்சில் வந்துவிட்டது. அதோடு அது அலமாரிக்குப் போனது.

காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. 1922இல் டொரன்டோவில் இன்சுலின் முதன்முறையாக மனிதருக்குப் போடப்பட்டு, சாகக் கிடந்த குழந்தைகள் எழுந்து உட்கார்ந்தார்கள். அந்த வெற்றிக்கு முன்னால் மற்றதெல்லாம் மங்கியது. சர்க்கரை நோய் இல்லாத முயலிடம் மெட்ஃபார்மின் வேலை செய்யப் பெரிய அளவு தேவைப்பட்டதால், பார்த்தவர்களுக்கு அது சுமாரான பொருளாகத் தோன்றியது. சிந்தாலின் செய்த தீங்கோ குவானிடின் குடும்பத்துக்கே கெட்ட பெயர் வாங்கித் தந்தது.

இன்சுலின் குறைபாடும் இன்சுலினுக்கு உடல் கட்டுப்படாமையும் வெவ்வேறு சிக்கல்கள் என்ற தெளிவு அப்போது பரவியிருக்கவில்லை என்பதை இவற்றோடு நான் சேர்ப்பேன். மெட்ஃபார்மின் உதவுவது பெரும்பாலும் இரண்டாவது வகைக்கு. எந்த நோயாளிக்கு என்று தெரியாமல் ஒரு மருந்தின் மதிப்பைக் கண்டுபிடிக்க முடியாது.

மீண்டும் கதவைத் திறந்தது மலேரியா. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலேரியாவுக்காக உருவான புரோகுவானிலும், மெட்ஃபார்மினைப் போலவே குவானிடின் வழிவந்த பைகுவானைடு குடும்பத்துப் பொருள்தான். அது விலங்குகளில் சர்க்கரையைக் குறைப்பதை 1940களில் கண்டார்கள். பிலிப்பைன்ஸில் யூசேபியோ கார்சியா என்ற மருத்துவர் மெட்ஃபார்மினையே ஃப்ளூ காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சில நோயாளிகளுக்குச் சர்க்கரை இறங்கியதாக எழுதினார். இளவயதில் கலெஜினைக் கையாண்ட அதே ஸ்டெர்ன் இந்தத் தகவலைப் பிடித்துக்கொண்டார். குவானிடின் குடும்பத்துப் பொருள்களைத் தேர்ந்தெடுத்துச் சோதித்து, 1957இல் மெட்ஃபார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். வயது வந்தபின் நோய் கண்ட சிலருக்கு இது இன்சுலினுக்குப் பதிலாக நின்றது, சிலருக்கு இன்சுலின் அளவைக் குறைத்தது, இளவயது நோயாளிகளுக்கோ இன்சுலினை நிறுத்த முடியாது என்று அவர் அன்றே பிரித்து எழுதியது குறிப்பிடத்தக்கது. இன்றும் அந்த வரம்பு மாறவில்லை.

ஆக, செடியிலிருந்து மாத்திரைக்கு நேர்கோடு கிடையாது. கலேகா, முயல், கைவிடப்பட்ட ஜெர்மன் மருந்து, வேறு காரணத்துக்காகச் செய்த டப்ளின் வேதிப்பொருள், மலேரியா, ஃப்ளூ என்று போய், பழையதை மறக்காத ஒரு மருத்துவரின் நினைவில்தான் எல்லாம் ஒன்று சேர்ந்தன.

ஒரே குடும்பம், வேறு வேறு விதி

1957ஐ ஒட்டி மெட்ஃபார்மினுடன் ஃபென்ஃபார்மின், புஃபார்மின் என்ற இரண்டும் வந்தன. ஃபென்ஃபார்மின் மெட்ஃபார்மினைவிட வலுவானது, சிறிய அளவே போதும். அமெரிக்காவில் அதுதான் விற்றது. சில ஆண்டுகளில், அதை உட்கொண்டவர்களில் சிலருக்கு இரத்தத்தில் லாக்டிக் அமிலம் தேங்கி உயிர் போவது தெரியவர, 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகள் அதை விலக்கின.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மூலக்கூற்றின் ஒரு மூலையில்தான். மெட்ஃபார்மினில் இரண்டு சிறு மெத்தில் தொகுதிகள், ஃபென்ஃபார்மினில் பென்சீன் வளையம் தாங்கிய ஒரு வால். அந்த வால் கொழுப்பில் ஒட்டும். அதனால் உயிரணுவுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் ஃபென்ஃபார்மின் அழுத்தமாகப் படிகிறது. அதைச் சிதைக்கக் கல்லீரல் நொதி ஒன்று வேண்டும், பிறவியிலேயே அந்த நொதி சரியாக வேலை செய்யாதவர்கள் உண்டு. மெட்ஃபார்மினைக் கல்லீரல் சிதைப்பதே இல்லை, அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. அதனால் சிறுநீரகம் சரியாக இருப்பவர்களுக்கு அமிலத் தேக்கத்தின் ஆபத்து ஃபென்ஃபார்மினோடு ஒப்பிட்டால் பத்து மடங்குக்கு மேல் குறைவு. சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்கு மெட்ஃபார்மின் கொடுக்கக் கூடாது என்ற விதியும் இதிலிருந்து வந்ததுதான்.

இயற்கையா செயற்கையா என்ற சண்டைக்கு இங்கே இடமே இல்லை. கலெஜின் இயற்கை, ஆபத்தானது. ஃபென்ஃபார்மின் செயற்கை, அதுவும் ஆபத்தானது. மெட்ஃபார்மினும் செயற்கைதான், இன்று கோடிக்கணக்கானோர் உட்கொள்கிறார்கள். அதிலும் குறை இல்லாமல் இல்லை: வயிற்றுப்போக்கு, குமட்டல் வரலாம், நீண்ட காலம் உட்கொண்டால் வைட்டமின் பி12 குறையலாம். அளவு தெரிந்த, வெளியேறும் வழி தெரிந்த, கெடுதல் தெரிந்த பொருள் என்பதே அதன் பலம்.

அதன் உண்மையான மதிப்பு தெரிய 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வில், உடல் எடை கூடிய 342 நோயாளிகளுக்கு மெட்ஃபார்மின் கொடுத்து 10 ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். வழக்கமான உணவுக் கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிட, சர்க்கரை நோய் சார்ந்த இறப்பு 42 சதவீதமும் எல்லாக் காரணங்களாலும் நேரும் இறப்பு 36 சதவீதமும் குறைந்திருந்தன. சர்க்கரையை ஏறக்குறைய அதே அளவு குறைத்த மற்ற மருந்துகளுக்கு இந்தப் பலன் இல்லை. சர்க்கரை அளவு இறங்குவதும் நோயாளி நீண்ட நாள் வாழ்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மூலிகை ஆய்வுகளில் பெரும்பாலானவை முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன.

பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு செடிகள்

ஒரே நிகழ்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்வது நியாயமல்ல. ஆப்பிள் மரத்தை எடுத்துக்கொள்வோம். 1835இல் பெல்ஜியத்தில் ஸ்டாஸும் டி கோனிங்கும் அதன் வேர்ப்பட்டையிலிருந்து புளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார்கள். சின்கோனா பட்டைபோல் கசந்ததால் காய்ச்சலுக்கு உதவும் என்று நம்பினார்கள். 1886இல் ஜெர்மன் மருத்துவர் ஃபான் மேரிங் அதைக் கொடுத்தபோது சிறுநீரில் சர்க்கரை கொட்டியது. சர்க்கரை நோயை உண்டாக்கும் பொருள் என்றே அதை நூறாண்டுகளாகப் பார்த்தார்கள். சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சுவதைத்தான் அது தடுக்கிறது, அப்படித் தடுத்தால் இரத்தச் சர்க்கரை இறங்கும் என்பதை 1980களில் எலிகளில் காட்டினார்கள்.

புளோரிசினை அப்படியே கொடுத்தால் குடலில் சிதைந்துவிடும், வயிற்றுப்போக்கும் வரும். சிதையாதபடி அந்த மூலக்கூற்றைத் திருத்தியதில்தான் டாபாக்ளிஃப்ளோசின் முதலான மருந்துகள் பிறந்தன. அதே வகையைச் சேர்ந்த எம்பாக்ளிஃப்ளோசின், 7,020 நோயாளிகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் இதயம், இரத்தக் குழாய் சார்ந்த இறப்பை 38 சதவீதம் குறைத்தது. இங்கே முதலில் நம்பிய பலன் தவறு, கிடைத்த பொருள் சரி.

நித்தியகல்யாணியின் கதை இதற்கு நேர்மாறு. பல நாடுகளில் சர்க்கரை நோய்க்கு அதன் இலைக் கஷாயம் குடிக்கிறார்கள். 1950களில் ஜமைக்காவிலிருந்து வந்த இலைகளைக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சோதித்தார்கள். சர்க்கரை அசையவில்லை. சாற்றை ஊசியாகப் போட்ட எலிகளின் வெள்ளணுக்கள் விழுந்தன, எலிகள் தொற்றில் இறந்தன. அதிலிருந்து கிடைத்த வின்பிளாஸ்டின் புற்றுநோய் மருந்தானது. மகத்தான கண்டுபிடிப்புதான். ஆனால் சர்க்கரைக்கென்று அந்தக் கஷாயத்தைக் குடித்தவர்கள், தங்களுக்குத் தெரியாமலே அணுக்களைப் பாதிக்கும் பொருள்கள் உள்ள இலையைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது வரிசையில் நிற்பவை

பெர்பெரின் மீதுதான் எனக்கு நம்பிக்கை அதிகம். மஞ்சள் நிறமுள்ள பல வேர்களிலும் பட்டைகளிலும் இருக்கும் இந்தப் பொருளைச் சீனாவில் வயிற்றுப்போக்குக்குக் கொடுத்துவந்தார்கள். சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தவர்களுக்குச் சர்க்கரை இறங்குவதை 1980களில் கண்டார்கள். 2008இல் வெளியான ஆய்வில், புதிதாக நோய் கண்ட 36 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குப் பெர்பெரினும் மறு பாதிக்கு மெட்ஃபார்மினும் மூன்று மாதம் கொடுத்தார்கள். பெர்பெரின் குழுவில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.5இலிருந்து 7.5 சதவீதமாக இறங்கியது, மெட்ஃபார்மினுக்குச் சமமாக. மைட்டோகாண்ட்ரியாவில் மெட்ஃபார்மின் தடுக்கும் அதே முதல் புரதத் தொகுதியைப் பெர்பெரினும் தடுக்கிறது என்பது இந்த முடிவுக்கு வலு சேர்க்கிறது.

சரி, அப்படியானால் ஏன் மருந்தாகவில்லை? குடலிலிருந்து இரத்தத்துக்குப் போவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அது தடுப்பதால், உறுப்பு மாற்று செய்தவர்கள் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின் போன்றவை உடலில் தேங்கலாம். கர்ப்பிணிகளுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேல், பழைய பொருளுக்குக் காப்புரிமை வாங்கி லாபம் பார்ப்பது கடினம் என்பதால் ஆயிரக்கணக்கானோரிடம் பல ஆண்டு சோதனை நடத்தப் பணம் போட நிறுவனங்கள் முன்வருவதில்லை. 1929இல் அலமாரிக்குப் போன மெட்ஃபார்மின் காத்திருந்ததைப் போலவே இதுவும் காத்திருக்கிறது. பொதுப் பணத்தில் செய்ய வேண்டிய ஆய்வு இது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். இலவங்கப்பட்டை 2003இல் 60 பேரிடம் செய்த ஆய்வில் நன்றாகத் தோன்றியது. 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 10 ஆய்வுகளில் இருந்த 577 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. பாகற்காய்க்கும் அதே ஆண்டு அதே அமைப்பு போதிய சான்று இல்லை என்றது. சிறுகுறிஞ்சான் இலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணர்வைக் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்வது உறுதியான உண்மை. இரத்தச் சர்க்கரையைப் பற்றிக் கிடைப்பதோ சிறிய, சீரற்ற ஆய்வுகளே. வெந்தயத்தில் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஓர் அமினோ அமிலம் இருக்கிறது, நார்ச்சத்தும் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆனால் மருந்தை நிறுத்தும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை.

நோயாளியின் பக்கம் வந்தால்

2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சர்க்கரைக்கென்று விற்ற மூலிகைத் தயாரிப்புகள் ஐந்தைப் பரிசோதித்த அதிகாரிகள் அவற்றில் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைப் பொருளான க்ளைபுரைடும் ஃபென்ஃபார்மினும் கலந்திருப்பதைக் கண்டு எச்சரித்தார்கள். உயிர்களைப் பலிவாங்கியதால் விலக்கப்பட்ட ஃபென்ஃபார்மின், மூலிகை என்ற பெயரில் திரும்பி வந்திருந்தது. அதை வாங்கியவர் தன் சர்க்கரை இறங்கியதைப் பார்த்து மூலிகையை நம்பியிருப்பார். அவர் ஏமாந்தது சிகிச்சையில் மட்டுமல்ல, கவனிப்பிலும்தான். ஒரு பொடி இரண்டே நாளில் சர்க்கரையை மடமடவென்று இறக்கினால், மகிழ்வதற்கு முன் அதை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்வேன்.

மூலிகை எடுத்துக்கொள்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. திட்டுவார் என்ற பயத்தில் மறைக்கிறார்கள். மருத்துவர்கள் திட்டாமல் கேட்டால் சொல்வார்கள். என்ன செடி, எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை நாளாக, கூடவே எந்த மாத்திரை என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சர்க்கரையைக் குறைக்கும் செடியையும் சேர்த்துக்கொண்டால், சர்க்கரை அளவு கடந்து தாழ்ந்து மயங்கி விழலாம். அவர் வீட்டிலேயே அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். உடலில் இன்சுலின் சுரக்காத முதல் வகை நோயாளி எந்தச் செடிக்காகவும் ஒரு நாள்கூட இன்சுலினை நிறுத்தக் கூடாது. சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவர், கர்ப்பிணி, சில நாளில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் எந்த மூலிகைச் சாறையும் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே குடித்துவருபவராக இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போகட்டும்.